தொண்ணூற்றொன்பது தொலைந்த இடம்

தவறு எங்கே என்று தேடுவது ஒரு வேலை. தவறு யாருடையது என்று தேடுவது வேறு வேலை. 2019இல் ஹைதராபாத்தில் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பின.

தெலங்கானா இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் 2019 ஏப்ரல் 18ஆம் தேதி வெளியாயின. ஒரு மாணவிக்கு மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். தெலுங்கில் மட்டும் பூஜ்யம். விடைத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அவர் வாங்கியிருந்தது 99.

அவர் மட்டும் அல்ல. தேர்வு எழுதியவர்கள் சிலர் தேர்வுக்கே வரவில்லை என்று முடிவு சொன்னது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதிய தேர்வு அது. மூன்று லட்சத்துக்கும் மேல் தேறவில்லை. நாம்பள்ளியில் இருக்கும் இண்டர்மீடியட் வாரியத்தின் வாசலில் பெற்றோர்கள் திரண்டார்கள். பெரிய தவறு எதுவும் நடக்கவில்லை என்றது வாரியம். வெளியே எல்லோர் வாயிலும் ஒரே சொல்: சாஃப்ட்வேர் கோளாறு. முடிவுகளைத் தயாரித்தது ஹைதராபாத்தின் குளோபரீனா டெக்னாலஜீஸ் என்ற தனியார் நிறுவனம். பழி போட ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த மரணங்களுக்கும் கம்ப்யூட்டர் பிழைக்கும் இடையே நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஒரு பிள்ளையின் உயிரை எடுத்துக்கொண்டு போகும் காரணங்கள் பல. ஆனால் தன் மதிப்பெண் உண்மைதானா என்ற கேள்விக்கு அந்த வாரத்தில் யாரிடமிருந்தும் நம்பக்கூடிய பதில் இல்லை. அதை மறுக்க முடியாது.

சரி, அந்த 99 எங்கே தொலைந்தது?

ஒரு மதிப்பெண் விடைத்தாளிலிருந்து ரிசல்ட் பக்கத்துக்கு வந்து சேரும் வழி நீளமானது. திருத்தும் ஆசிரியர் விடைத்தாளில் மதிப்பெண் போடுகிறார். கூட்டிய தொகையை ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களைக் கருப்பாக்கிக் குறிக்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறார். தாள் ஸ்கேனருக்குப் போகிறது. ஸ்கேனர் படித்த எண்ணை ஒரு புரோகிராம் மாணவரின் பெயரோடு இணைக்கிறது. மற்றொரு புரோகிராம் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 'பாஸ்', 'ஃபெயில்' என்று எழுதுகிறது. இத்தனை கை மாறும் வழியில் எந்தக் கையில் 99 நழுவியது?

கம்ப்யூட்டர் உலகத்தில் இப்படித் தேடுவதற்கு 'டீபக்கிங்' என்று பெயர். பூச்சி எடுப்பது என்று பொருள். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கம்ப்யூட்டர் திணறியபோது, அதன் ரிலே ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, முதல்முறையாக உண்மைப் பூச்சி ஒன்று பிடிபட்டதாக எழுதிவைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. பெயர் முன்பே இருந்தது, பூச்சிதான் பிறகு வந்தது.

இன்றைய பூச்சிகளைப் பிடிக்க 'டீபக்கர்' என்ற கருவி இருக்கிறது. இதுவும் ஒரு புரோகிராம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு புரோகிராமை நடுவழியில் நிறுத்தும். ஒவ்வொரு வரியாக நகர்த்தும். அந்த நொடியில் எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று திறந்து காட்டும். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் போல.

ஆனால் மெக்கானிக் கடைக்குக் கொண்டு போனதும் வண்டியில் சத்தம் நின்றுவிடுவது ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். புரோகிராமிலும் அதே கதை. வாடிக்கையாளரிடம் தினமும் படுத்துக்கொள்ளும் புரோகிராம், டீபக்கரின் பார்வையில் சமர்த்தாக ஓடும். டீபக்கர் புரோகிராமின் வேகத்தைக் குறைக்கிறது. ஒரே நேரத்தில் முட்டிமோதிய இரண்டு வேலைகள் இப்போது வரிசையில் நிற்கின்றன. சோதனைக்காகத் தயாரிக்கும் பதிப்பில் நினைவகத்தைத் துடைத்துச் சுத்தமாகக் கொடுப்பதும் உண்டு. வெளியே போகும் பதிப்பில் பழைய குப்பை அப்படியே கிடக்கும். பார்க்கப் போனால் மறையும் இந்த ரகத்துக்கு, இயற்பியல் மேதை ஹைசன்பர்க்கின் பெயரை ஒட்டி 'ஹைசன்பக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த உவமை வேறு. தோளில் போட்டுக்கொண்டு வரும் வழியில் நழுவி, மறுபடி முருங்கை மரம் ஏறும் வேதாளம்.

வேதாளத்தை எட்ட முடியாத தூரத்தில் வைத்துப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1997 ஜூலை 4ஆம் தேதி அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கலிபோர்னியாவில் இருந்த ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறியாளர்கள், தங்களிடம் இருந்த அதே மாதிரி இயந்திரத்தை, கோளாறு மறுபடி வரும்வரை ஓடவிட்டார்கள். வந்தது. பதிவுகளைப் பார்த்தார்கள்.

உள்ளே நடந்ததை நம்மூர் அலுவலகமாக நினைத்துக்கொள்ளலாம். பதிவறைச் சாவி பியூன் கையில். கலெக்டருக்குச் சாவி வேண்டும், காத்திருக்கிறார். நடுவில் தாசில்தார் பியூனைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துத் தன் வேலையைப் பார்க்கிறார். பியூன் நகர முடியாது, சாவி வராது, கலெக்டர் வேலை நடக்காது. குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை என்று கண்ட காவல் புரோகிராம் மொத்த அலுவலகத்தையும் இழுத்து மூடித் திறக்கிறது. பரிகாரமும் அலுவலக மொழியிலேயே சொல்லலாம்: சாவி கையில் இருக்கும்வரை பியூனுக்குக் கலெக்டர் அந்தஸ்து. தாசில்தார் குறுக்கே வர முடியாது. அந்த வசதி புரோகிராமில் ஏற்கெனவே இருந்தது. அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து கட்டளை அனுப்பி இயக்கினார்கள்.

இந்தக் கதையில் யோசிக்க வைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. விண்கலம் புறப்படுவதற்கு முன்னரே சோதனைகளில் இதே போன்ற கோளாறு எப்போதாவது தலைகாட்டியிருந்தது. காரணம் பிடிபடவில்லை, பெரிதாகவும் தோன்றவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அப்படி ஒதுக்கி வைப்பதன் விலை சில சமயம் மிகப் பெரியது. 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு ஒன்று நூறு மணி நேரத்துக்கு மேல் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்கை அதன் கம்ப்யூட்டர் துல்லியமாக எழுத முடியாது. மிகச் சிறிய மீதி ஒன்று விட்டுப்போகும். அந்த மீதி சேர்ந்து சேர்ந்து கடிகாரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியது. பிப்ரவரி 25ஆம் தேதி வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். நெடுநேரம் ஓடினால் குறி பிசகுகிறது என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. திருத்திய சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

ஹைதராபாத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகக் கம்ப்யூட்டர்கள் தடுமாறும் என்ற பயத்தில், தொண்ணூறுகளின் கடைசியில் பழைய புரோகிராம்களைத் திறந்து தேதி தேதியாகப் பூச்சி எடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று. அதன் அமீர்பேட்டை கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பேர்போன இடம். மாடிக்கு மாடி போர்டுகள், போர்டுக்குப் போர்டு புதிய புரோகிராம் மொழிகள். ஆந்திரத்திலிருந்து மட்டுமல்ல, பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கிப் படித்தார்கள். ஆனால் மொழியைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேடும் முறையை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அது வேலையில் அடிபட்டுத்தான் வருகிறது.

வந்தவர்களைக் கேட்டால் சொல்வது சில எளிய விதிகள். முதலில், கோளாறை மறுபடி வரவழைக்க வேண்டும். வரவழைக்க முடியாததைத் திருத்தியதாகச் சொல்ல முடியாது. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கை மாற்றிச் சரியானால் எது மருந்து என்று தெரியாது. மூன்றாவது, பாதியில் வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் நின்று, இதுவரை சரியா என்று கேட்டால், பதில் எதுவானாலும் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். இப்படி இருபது முறை வெட்டினால் பத்து லட்சம் வரிகளில் ஒரு வரி அகப்படும். நான்காவது, அகப்படாவிட்டால் யாரிடமாவது, கொலு பொம்மையிடமாவது, நடப்பதை வாய்விட்டு விவரிக்க வேண்டும். 'இந்த இடம் சரியாகத்தான் இருக்கிறது' என்று நாம் தாண்டிப் போன இடம், சொல்லும்போதுதான் உறைக்கும்.

தொலைந்த 99ஐயும் இப்படித்தான் தேட வேண்டும். வழியின் நடுவில் இருப்பது ஓ.எம்.ஆர். தாள். அதில் 99 இருந்தால் தவறு அதற்குப் பிறகு, அதாவது கம்ப்யூட்டரில். இல்லாவிட்டால் அதற்கு முன்னால், அதாவது மனிதரிடம்.

மாநிலத் தொழில்நுட்ப சேவைகள் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் தலைமையில், பிட்ஸ் நிறுவனத்தின் ஹைதராபாத் வளாகம், ஐ.ஐ.டி. ஹைதராபாத் ஆகியவற்றின் பேராசிரியர்களைக் கொண்ட மூவர் குழுவை அரசு நியமித்தது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் அறிக்கை வந்தது. அந்த மாணவியின் தாளில் கருப்பாக்கப்பட்டிருந்தது 00. ஊரே சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருந்தபோது 99 தொலைந்த இடம் ஒரு பேனா முனை. சரிபார்க்க இருந்த இரண்டாவது ஜோடிக் கண்களும் அதைக் கவனிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அப்படியானால் சாஃப்ட்வேர் நிரபராதியா? இல்லை. வேறு மாணவர்களின் முடிவுகளில் புரோகிராம் செய்த பிழைகளும் இருந்தன என்று குழு கண்டது. புதிய அமைப்பு போதுமான சோதனையின்றி வேலைக்கு வந்திருந்தது. 00 விஷயத்திலும் புரோகிராமுக்கு ஒரு பங்கு உண்டு. மற்றப் பாடங்களில் உச்சியில் நிற்கும் ஒருவருக்கு ஒரே ஒரு பாடத்தில் பூஜ்யம் வந்தால், ரிசல்ட் வாத்தியாராக இருந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, 'அந்தத் தாளை எடு' என்பார். அந்தச் சந்தேகத்தைப் புரோகிராமுக்கும் சொல்லித் தரலாம். சில வரிகள் போதும். யாரும் சொல்லித் தரவில்லை.

குழு சுட்டிக்காட்டிய பெரிய குறை இன்னொன்று. புதிய அமைப்புக்கு மாறும்போது அதற்கு இணையாக இன்னொரு அமைப்பையும் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். இது ஒன்றும் புதிய ஞானம் அல்ல. வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாட்களில் பெரிய பேரேட்டைத் தூக்கிப் போடாமல் சில மாதங்கள் இரண்டிலும் கணக்கு எழுதினார்கள். குமாஸ்தாக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் பூச்சி இருக்கிறது என்பது உடனே தெரிந்தது. இரட்டை வேலையை மிச்சம் பிடிக்கும் ஆசையில் நாம் இழப்பது இந்த ஒப்பீட்டைத்தான்.

தேறாத எல்லா மாணவர்களின் விடைத்தாள்களையும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்க முதலமைச்சர் உத்தரவிட்டார். மே மாதக் கடைசியில் அந்த வேலை முடிந்தபோது 1,137 பேர் புதிதாகத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். தேறாதவர்களில் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேர். எந்த அலுவலகமும் அரிதான பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு. ஆனால் எந்தப் பிள்ளையும் ஆயிரத்தில் மூன்றாகத் தேர்வு எழுதுவதில்லை.

புரோகிராமர்கள் மத்தியில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. எந்தப் புகார் வந்தாலும் முதல் பதில்: 'இங்கே சரியாகத்தான் ஓடுகிறது.' நாம்பள்ளியில் வாரியம் முதலில் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பூச்சி இருக்கிறது என்று முதலில் சொல்வது டீபக்கர் அல்ல. வெளியே அதைப் பயன்படுத்துகிறவர்தான். விண்கலத்தின் சோதனை மேசையிலும் தஹ்ரான் பாலைவனத்திலும் முதல் அறிகுறி வெகு முன்னதாகவே வந்துவிட்டது. கேட்பாரில்லை. ஹைதராபாத்தில் அந்த முதல் அறிகுறி, கையில் ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்று, 'என் மதிப்பெண் தப்பாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை எந்த வாரியமாவது புதிய கம்ப்யூட்டர் அமைப்பு வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: புகார் சொல்ல வருகிறவரை உள்ளே கூப்பிட்டு, தாளை எடுத்துக் காட்ட ஓர் ஆள், ஒரு நாற்காலி. டீபக்கரைவிட விலை குறைவு.