ஐந்து சிலிண்டர்களும் பன்னிரண்டு மாதங்களும்

திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்குக் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. முகாம் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டர்களுக்குத் தலா 400 ரூபாய் மானியமும் 2021 ஆகஸ்டிலேயே சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டிருந்தன. வரவேற்கத்தக்கதே. ஆனால் வீடுகள் திறக்கப்பட்டபோது சிலிண்டர் விலை ஆயிரத்தைக் கடந்திருந்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையோ 1,500 ரூபாய். மானியம் போகவும் அதில் 600 ரூபாய்க்கு மேல் அப்போது ஒரு சிலிண்டருக்கே போனது. ஆறாவது சிலிண்டருக்கு மானியமே இல்லை. பிறகு விறகுதான், அந்தப் புகை பெண்களின் நுரையீரலுக்கு.

முகாம்வாசிகளில் கணிசமானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள். அவர்களுள் தலித்துகள் பலர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்க்கவில்லை. வாக்கில்லாதவர்களின் அடுப்பை யார் எண்ணிப் பார்ப்பார்கள்? புகை குறைந்த விறகடுப்பு இடைக்கால உதவியாகலாம். கேட்க வேண்டியது, பன்னிரண்டு சிலிண்டர்களுக்கும் விலையோடு உயரும் மானியம்.