பணிவிடை செய்பவளைப் பார்ப்பவர் யார்?

மரக்காணத்து உப்பளங்களில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். கால் வெடிப்புகளில் உப்புநீர் இறங்கி எரியும். ஆகவே இருள் பிரியுமுன் போய், வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கரைசேர்த்துத் திரும்பவேண்டும். இந்த வேலையும் ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளம் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுபோகும்.

இக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணின் வீட்டில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமியார் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் வைத்துவிடும். கஞ்சி புகட்டவேண்டும்; துணி மாற்றவேண்டும்; இரவிலும் எழவேண்டும். அவள் அளத்துக்குப் போனால் கிழவி தனியே கிடப்பாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவளுக்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வாள்? தாய்வீட்டில் ஒரு மௌத்து நேர்ந்தால் எப்படிப் போவாள்? நம் ஜமாஅத்துக் கூட்டம் எதிலாவது இக்கேள்வியை எவரேனும் எழுப்பக் கேட்டதுண்டா?

நாம் எழுப்பமாட்டோம். “பொறுமைசாலி, சுவர்க்கம் அவளுக்கே” என்று புகழ்ந்துவிட்டு எழுந்து போவோம். புகழ்ச்சிக்குச் செலவில்லை அன்றோ!

பெற்றோருக்குப் பணிவிடை செய்தல் மார்க்கம் விதித்த கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எவர்மேல் விதித்தது? ஈன்ற பிள்ளைகள்மேல். மருமகள் செய்வது உபகாரம். ஃபிக்ஹு ஓதியோர் இதனை அறிவர். எனினும் மிம்பரில் இது அரிதாகவே ஒலிக்கிறது. மகனின் கடமையை மருமகளின் தலையிலேற்றி, அதற்கு மார்க்கத்தின் பெயரையும் சூட்டியிருக்கிறோம் நாம். யமன் நாட்டு உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்கள் தாயைப் பேணும்பொருட்டு நாயகம் (ஸல்) அவர்களைக் காணும் பயணத்தையே துறந்தார்கள் என்று பயான்களில் உருகுகிறோம். துறந்தவர் மருமகளல்லர், மகன் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அத்துணைப் பெரிய பயணத்துக்கும் இடந்தராத வேலை அது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறமாட்டோம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகின்றனர். நல்ல காரியம். ஆனால் வருவோர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவர்; மீதமுள்ள பொழுதெல்லாம் அவளுடையதே. செர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் நோயாளியைப் பேணுபவர் ஓய்வெடுக்கும் நாள்களில் மாற்றாளுக்கான செலவையும் ஏற்கிறார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் சிறு நன்கொடைகளாலும் தொண்டர்களாலும் வீட்டுக்கு வீடு பரவிற்று. கேரள அரசு 2008இல் அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அம்மாவட்டத்தில் பெரும்பான்மையோர் நம் சமுதாயத்தார். அவர்களால் இயன்றது நமக்கேன் இயலாது?

பணமில்லை என்பது பொய். பள்ளிவாசலுக்கு இன்னொரு மினாரா எழுப்பவும் திருமணப் பந்தலை மின்விளக்கால் நிரப்பவும் பணமிருக்கிறது. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் மன்னர் எழுப்பிய மருத்துவமனை வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் நடந்தது என்று மேடையில் பெருமை பேசுகிறோம். நம் ஊர் வக்ஃபின் வருமானம் எங்கே போகிறது?

நாம் கேட்பது மிகச் சிறிது. வாரத்தில் இரண்டு பகல். நோயாளியின் அருகிலிருக்க, புரட்டவும் புகட்டவும் பழகிய ஒரு பெண். அவளுக்குரிய கூலியைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தல். அளம் மூடிய மழை மாதங்களில், பேணுபவளின் வீட்டுக்கு அரிசி. அவ்வளவே.

“அயலாளை விட்டுப் பார்ப்பது குடும்பத்துக்கு இழுக்கு” என்பார் உளர். அங்ஙனம் கூறுவோர் ஓர் இரவேனும் அந்தக் கட்டிலருகே விழித்திருந்தவரா என்று கேளுங்கள்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லிமார் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு மஹல்லாவைச் சுற்றி வரட்டும். படுக்கையில் கிடப்போரின் பெயரை எழுதட்டும். எழுதும்போது பக்கத்திலேயே, அவரைப் பார்த்துக்கொள்பவர் பெயரையும், அவர் கடைசியாக முழு இரவு உறங்கியது எப்போது என்பதையும் கேட்டு எழுதட்டும்.