சேற்றில் இறங்கிய பெல்ட் வண்டி

மழை ஓய்ந்த மறுநாள் கொல்லைப்புறத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார்ந்த மாத்திரத்தில் நாலு காலும் மண்ணுக்குள் இறங்கிவிடும். காலுக்கொரு பலகைத் துண்டை வையுங்கள், கட்டில் அசையாது. கனம் குறையவில்லை, அகலமான இடத்தில் பரவிவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தை நம்பி அறந்தாங்கிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் ஒரு வருஷச் சாப்பாடு இருக்கிறது, சகோதரிகளே!

புதுக்கோட்டை என்றதும் செம்மண்ணும் பாறையும் முந்திரிக்காடும் ஞாபகம் வரும். கிழக்கே அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி பக்கம் போனாலோ நெல்வயல். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. கடைமடைக்குத் தண்ணீர் வருவதும் பிந்தி. தை மாதம் மழை பிடித்துக்கொண்டால் வடிவதும் பிந்தி.

2021 ஜனவரியில் அப்படித்தான் பருவம் தப்பிப் பெய்தது. என் சித்தியின் சம்பா முழுதும் சாய்ந்துவிட்டது. சாய்ந்த நெல் ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளை கிளம்பிவிடும். இரண்டே நாளில் அறுத்து முடிக்க ஆள் போதாது. ஊரில் நின்ற டயர் வண்டிக்காரர் வரப்பிலிருந்து ஒரு காலை இறக்கிப் பார்த்துவிட்டு, "வண்டி மாட்டிக்கும் அம்மா. பெல்ட் வண்டிதான் சரிப்படும்" என்றார். அதற்கு வாடகை கூட. சித்தி பெருமூச்சு விட்டுச் சம்மதித்தாள்.

சக்கரத்துக்குப் பதிலாக இரு பக்கமும் அகலமான ரப்பர் பட்டை. வண்டி 3 டன் என்றும், ஒவ்வொரு பட்டையும் 45 சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் தரையில் படிகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு விழுவது 200 கிராம் சொச்சம். வெறுங்காலோடு நிற்கும் நமக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்! (குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டால் மிஷினையே மிஞ்சிவிடுவோம்.)

இது பிறந்ததும் ஓர் ஆற்றுப்படுகையில்தான். கலிபோர்னியாவின் சதுப்பு வயல்களில் நீராவி டிராக்டர்கள் புதைந்துபோயின. சக்கரத்தை அகலமாக்கி அகலமாக்கிப் பார்த்துச் சலித்த பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், 1904 நவம்பரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டி ஓட்டினார். கம்பளிப்பூச்சிபோல் அது ஊர்ந்ததால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. யுத்த டாங்கிகள் போர்க்களத்துக்கு வந்தது 1916-இல், வயல்தான் முந்தி.

சித்தி வயலில் முக்கால்வாசி அறுத்தாயிற்று. பள்ள மூலையில் பெல்ட் வண்டியும் மாட்டிக்கொண்டது! அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் பட்டை வெறுமே சுற்றும். சுற்றச் சுற்றத் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். டிரைவர் உடனே நிறுத்தினார். ஈரத் தரையில் ஒட்டிக்கொண்ட தாம்பாளத்தை நேராகத் தூக்க முடிகிறதா? ஓரத்தில் கொஞ்சம் காற்றுப் புகுந்தால்தான் விடும். இதுவும் அப்படித்தான். மண்வெட்டியால் பக்கத்துச் சேற்றை வெட்டி, பட்டைக்கு முன்னால் பலகைகளைச் செருகி, மேட்டில் நின்ற டிராக்டரிலிருந்து இரும்பு வடம் கட்டினார்கள். "வடம் அறுந்தா ஆளை அடிச்சிரும், தள்ளி நில்லுங்க!" என்று எங்களை விரட்டினார்கள். சித்தி மட்டும் நகரவில்லை. இரண்டாவது இழுப்பில் வண்டி வெளியே வந்தது.

மீதி மூலையை மிஷின் தொடவில்லை. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த பெண்கள் ஆறு பேர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கருக்கரிவாளோடு இறங்கினார்கள். முன்பெல்லாம் முழு வயலும் அவர்களுக்குத்தான் கூலி. இப்போது மிஷின் விட்ட மூலை.

நெல் வீடு வந்தும் கவலை தீரவில்லை. ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மூன்று நாள் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, சித்தி காலால் துழாவிக்கொண்டே நடந்தாள். மறு வருஷம் முதல் வேலையாக, அறுப்புக்குப் பத்து நாள் முன்பே பள்ள மூலையில் வரப்பை வெட்டி வடிகால் விட்டிருக்கிறாள்.