லேசர் மந்திரக்கோல் அல்ல



"கல்லீரல் கட்டியா? கத்தி வேண்டாம், லேசர் போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் இந்தக் கோபம்.

லேசர் சிகிச்சை பொய் இல்லை. 1983-லேயே லண்டனில் ஸ்டீபன் பௌன் இந்த முறையை எழுதிவைத்தார். பின்னர் ஜெர்மனியில் தாமஸ் ஃபோக்ல் எம்.ஆர்.ஐ. உதவியோடு நிறைய நோயாளிகளுக்குச் செய்தார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஊசி வழியாக ஒரு கண்ணாடி இழையைக் கட்டிக்குள் நுழைப்பார்கள். அதன் நுனியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில் கட்டி சூடாகும். 60 டிகிரியைத் தாண்டினால் புரதம் உறைந்து செல் செத்துவிடும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது அல்லவா? அதே கணக்குதான்.

ஆனால் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் இழையின் சூடு சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் பரவும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தமே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த ஓரத்தில் நோய் மிஞ்சும். இன்று லேசரைவிட அதிகம் பயன்படும் ரேடியோ அலை, மைக்ரோவேவ் முறைகளுக்கும் எல்லை உண்டு. கட்டி 3 சென்டிமீட்டருக்குள், எண்ணிக்கை மூன்றுக்குள் இருந்தால்தான் சூட்டு வைத்தியம் நன்றாகப் பலிக்கும்.

அந்த '3' என்ற எண் நீங்கள் அனுப்பிய செய்தியில் எங்கே? அதை விட்டுவிட்டுச் சொல்வது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

"நம்பிக்கை கொடுப்பது தப்பா சார்?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் 6 சென்டிமீட்டர் கட்டி, கல்லீரல் திடமாக இருக்கிறது, "வெட்டி எடுத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். அந்த வீட்டுக்கு உங்கள் செய்தி போய்ச் சேர்ந்தால்? "லேசர் இருக்கும்போது ஆபரேஷன் எதற்கு?" என்று மாதக்கணக்கில் அலைவார்கள். கட்டி அதுவரை காத்திருக்காது.

சின்னக் கட்டி வலிக்காது. வயிறு வீங்கி, கண் மஞ்சளான பிறகு ஓடினால் பெரும்பாலும் லேசருக்கான வேளை கடந்திருக்கும். ஆகவே சிர்ரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆகவேண்டும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் தங்களுக்கும் அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடிப்பவருக்கு மட்டும்தான் சிர்ரோசிஸ் என்று நினைக்காதீர்கள். சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் அங்கே கொண்டுபோய் விடும்.

யாராவது லேசர் என்று சொன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எத்தனை கட்டி? பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதா?

இந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம்.