நத்தைகள் மேல் என்ன குற்றம்?

வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தால் அந்த வீட்டுக்கே தனி அழகு வந்துவிடுகிறது. பச்சைப் பசேலென்ற நீர்த்தாவரங்களுக்கு நடுவே கப்பி மீன்கள் வாலை விசிறிபோல் விரித்து நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் தொட்டி வைத்திருக்கும் தோழியர் எவரைக் கேட்டாலும் சில மாதங்களில் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "ஐயோ, தொட்டி முழுவதும் நத்தை! இவற்றை எப்படித்தான் ஒழிப்பது?"

அன்புத் தோழியரே, இந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. "எப்படி ஒழிப்பது?" என்று கேட்குமுன் "ஏன் பெருகின?" என்று கேட்க வேண்டும். பெரிய அறிவாளிபோல் நான் இதைச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர் கொள்ளும். கடையில் வாங்கிய வேலம்பாசிக் கொத்து ஒன்றை ஒருமுறை நீரில் அலசிவிட்டு அதில் நட்டோம். மூன்று வாரம் கழித்து மிளகளவு நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்ந்தது. "பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் பாட்டி. இரண்டாம் மாதம் எண்ணிப் பார்க்க முடியவில்லை. வந்தவர்கள் மீனைப் பார்ப்பதை விட்டு நத்தையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நத்தை மருந்து என்று ஒன்றை வாங்கிவந்து, யாரையும் கேட்காமல் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் காலை நத்தைகள் எல்லாம் அடியில் அசைவற்றுக் கிடந்தன. வென்றுவிட்டேன் என்றே எண்ணினேன். மாலைக்குள் தண்ணீர் பால்போல் கலங்கி நாற்றமெடுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் தங்கை ஆசையாக வளர்த்த சிவப்பு இறால்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு கப்பிகளில் ஏழு செத்தன. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையாக முடிந்தது என் வீரம்.

நடந்தது என்னவென்று பிறகுதான் படித்தறிந்தேன். நத்தை மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்பு. உழவர்கள் மயில்துத்தம் என்று சொல்வதும் செம்பு உப்புத்தான். செம்பு நத்தையைக் கொல்லும். இறாலையும் கொல்லும். சரளையில் படிந்து நெடுநாள் தங்கியும் விடும். அது மட்டுமன்று. நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நாளில் செத்து அழுகினால் அம்மோனியா பெருகும். நீரிலுள்ள பிராணவாயு குறையும். என் மீன்களில் எத்தனை மருந்தால் செத்தன, எத்தனை அழுகலால் செத்தன என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் நான்தான் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னபோது, அவர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் மீனுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். காலையில் அப்பா, மதியம் பாட்டி, பள்ளி விட்டு வந்ததும் தங்கை, இரவில் நான். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. சகோதரி சிரித்துக்கொண்டே, "அப்படியானால் நத்தைகளை வளர்த்தது நீங்கள் நால்வரும்தானே, அம்மா?" என்றார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அன்றுதான் அந்தப் பழமொழியின் பொருள் எனக்கு விளங்கிற்று.

நம் தொட்டிகளுக்கு அழையா விருந்தாளியாக வரும் நத்தைகளில் மூன்று வகைகளை அடிக்கடி காணலாம். ஒன்று ஃபைசா என்னும் சிறு நத்தை. கூர்நுனியை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பிப் பிடித்தால் அதன் வாய் இடப்பக்கம் இருக்கும். இடம்புரி நத்தை என்றே சொல்லலாம். மற்றொன்று ஆட்டுக்கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன். மூன்றாவது, நீண்ட கூம்பு வடிவமுள்ள ட்ரம்பெட் நத்தை. முதல் இரண்டிலும் ஒவ்வோர் உயிரும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. இலையின் அடியில் கண்ணாடிபோன்ற கூழுக்குள் முட்டைகளை வைக்கின்றன. ஓரிரு வாரங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ட்ரம்பெட் நத்தைக்கோ ஆணே வேண்டியதில்லை. அது முட்டையிடாமல் குட்டியே போடுகிறது. பகலில் சரளைக்குள் புதைந்துகொண்டு இரவில் வெளியே வருகிறது.

ஆகவே ஒரே ஒரு நத்தை தப்பினாலும் போதும், கூட்டம் மறுபடி பெருகிவிடும். அப்படியானால் எல்லாத் தொட்டிகளும் நத்தைக் காடாக வேண்டுமே, ஏன் ஆகவில்லை? நத்தைகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது அவற்றுக்குக் கிடைக்கும் உணவு. மீன் தின்னாமல் விட்ட தீனி, அழுகிய இலை, கண்ணாடியில் படரும் பாசி, இவைதாம் அவற்றின் சாப்பாடு. நல்ல பசுமையான இலையை இந்த மூன்றும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதன்மேல் பழி போடுகிறோம். இலை முதலில் வாடியது. நத்தை பிறகு வந்தது.

மிஞ்சிய தீனி நத்தையை மட்டுமா வளர்க்கிறது? அது அழுகும்போது வரும் அம்மோனியாதான் மீனுக்கும் நஞ்சு. ஆகையால் திடீரென்று நத்தை பெருகுவது, "உன் தொட்டியில் அழுக்கு மிஞ்சிவிட்டது" என்று நமக்கு வரும் எச்சரிக்கை. பகலில் மண்ணுக்குள் இருக்கவேண்டிய ட்ரம்பெட் நத்தைகள் கூட்டமாகக் கண்ணாடியில் மேலேறி வந்தால், நீர் கெட்டிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். செய்தி கொண்டுவந்தவனைக் கொன்றுவிட்டால் செய்தி பொய்யாகிவிடுமா?

சிலர் சொல்வார்கள்: "மருந்து வேண்டாம், சரி. நத்தை தின்னும் மீனை வாங்கி விட்டால் இயற்கையான வழிதானே?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிளவுன் லோச் மீனைப் பரிந்துரைப்பார்கள். அது சுமத்ரா, போர்னியோ நதிகளைச் சேர்ந்தது, கூட்டமாக வாழ்வது, ஓரடி நீளம்வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது எந்த விதத்தில் இயற்கை? இன்னும் சிலர் மலபார் பஃபர் என்னும் குட்டிப் பேத்தை மீனைச் சொல்வார்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் நதிகளுக்கே உரியது. 1941-ஆம் ஆண்டில் ஹோரா, நாயர் என்னும் இருவர் அதைப் பம்பை நதியிலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். இன்று அது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. அலங்கார மீன் வணிகத்துக்காக நதியிலிருந்து பிடிக்கப்படுவது அதற்கு ஒரு காரணம். நான்கு சிட்டிகை தீனி அதிகம் போட்ட நம் கைக்குப் பம்பை நதி ஏன் அபராதம் கட்ட வேண்டும்? போதாக்குறைக்கு, அது கப்பியின் வாலையும் கடித்துவிடும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது போல்தான்.

தொட்டியில் நடப்பது உலகத்திலும் நடந்திருக்கிறது. பசிபிக் கடலில் மூரேயா என்னும் தீவு இருக்கிறது. ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் அங்கே பயிரை அழித்ததால், அவற்றைத் தின்னட்டும் என்று 1977-இல் வேறொரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நத்தைக்கு நம் திட்டம் தெரியுமா? தீவுக்கே சொந்தமான சிறிய மரநத்தைகள் எளிதாகக் கிடைத்தன, அவற்றைத் தின்றது. பத்தே ஆண்டுகளில் அந்த இனங்கள் அத்தீவுக் காட்டில் ஏறக்குறைய இல்லாமலே போயின. முன்கூட்டியே எடுத்துச் சென்று உயிரியல் பூங்காக்களில் வளர்த்தவற்றின் சந்ததிதான் 2015 முதல் சிறுகச் சிறுகத் திரும்பக் கொண்டுவிடப்படுகிறது. ஓர் உயிரை இன்னோர் உயிரின்மேல் ஏவிவிடுவது மட்டும் இயற்கை வழி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின் எது இயற்கை வழி? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். செலவு ஏதுமில்லை.

முதலாவது, தீனி போடும் உரிமையை ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு மட்டும், ஒரு நாளைக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை மீன்களுக்கு ஒருசந்தி. வளர்ந்த மீன்கள் அதனால் வாடுவதில்லை. இரண்டாவது, வாடிய இலைகளை அவ்வப்போது கிள்ளி எடுத்தோம். வாரம் ஒருமுறை சரளையின் மேலுள்ள அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி, கால்பங்கு நீரை மாற்றினோம். மூன்றாவது, இரவில் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டைப் பழைய கரண்டியில் செருகி அடியில் வைத்தோம். விடியுமுன் அதில் நத்தைகள் மொய்த்திருக்கும், அப்படியே எடுத்துவிடலாம். நான்காவது, புதிதாக வாங்கும் செடியை இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்து, இலையின் அடியில் கூழ் முட்டை தென்படுகிறதா என்று பார்த்துத் துடைத்த பிறகே தொட்டியில் நடுகிறோம்.

"எடுத்த நத்தையை என்ன செய்வது? அதையும் கொல்லத்தானே வேண்டும்?" என்று கேட்பீர்கள். ஆம். நசுக்கி மீனுக்கு இரையாக்கினோம். மிஞ்சியதைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தோம். எனக்கு அது மகிழ்ச்சியான வேலை அன்று. ஆனால் கையால் எடுத்துச் செய்யும்போது எத்தனை என்று நமக்குத் தெரிகிறது. வேண்டிய அளவோடு நிறுத்தத் தோன்றுகிறது. புட்டியைக் கவிழ்க்கும் கைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இரக்கப்பட்டு அவற்றைக் குளத்திலோ கால்வாயிலோ விடுவது மட்டும் கூடவே கூடாது. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக்கிடப்பதைத் தினமும் பார்க்கிறோமே!

பலன் ஒரே நாளில் வரவில்லை. முதல் இரண்டு வாரம் மாறுதலே தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் என்னைக் கேலி செய்தார்கள். எட்டாவது வாரத்தில் உற்றுப் பார்த்தால்தான் நத்தை தென்பட்டது. இன்றும் ஒரு சில இருக்கின்றன. அவை இருக்கட்டும். பாசியைச் சுரண்டுகின்றன, அழுகல் இலையைத் தின்கின்றன, சரளையைக் கிளறிவிடுகின்றன. தங்கை மறுபடியும் இறால் வளர்க்கக் கேட்கிறாள். பழைய சரளையில் செம்பு தங்கியிருக்குமே என்று அஞ்சி, அதை மாற்றிய பிறகே வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறேன். அது என் கடன்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், வழியில் கிடக்கும் புழுவும் மிதிபட்டுவிடக் கூடாதென்று அதை எடுத்து ஓரமாக விடுவாராம். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ நகர்த் தோமா இதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த உயரத்துக்கு நம்மால் எட்ட முடியாமல் இருக்கலாம். ஆனால் நம் தவற்றுக்கு நத்தையைத் தண்டிக்காமல் இருக்க முடியும் அல்லவா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அன்பாகப் போடும் தீனிக்கும் அது பொருந்தும். தோழியரே, அடுத்தமுறை தொட்டியில் நத்தை பெருகினால் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு, "இன்று மீனுக்கு யார் யார் சாப்பாடு போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.