பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு மழைமானி!

மழைக்காலம் வந்துவிட்டால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்.

"இன்று பள்ளிக்கூடம் உண்டா, லீவா?"

வீடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. "10 சென்டிமீட்டர் மழை பெய்துள்ளது" என்று செய்தி வருகிறது. அடுத்து லீவு என்று வருகிறது. பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள்.

10 சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு? அதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

பாடப் புத்தகத்தில் பருவக்காற்று இருக்கிறது. புயல் இருக்கிறது. கடல் நீரோட்டம் இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் எழுதுகிறார்கள். மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால், "நேற்று இரவு உன் ஊரில் எவ்வளவு மழை?" என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

இந்த நிலை மாற வேண்டும். வானத்தையும் கடலையும் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் அளந்து படிக்க வேண்டும். உண்மையான கணக்கை வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் கணக்கு

இது பெரிய வித்தை அல்ல. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர்.

10 சென்டிமீட்டர் என்பது 100 மில்லிமீட்டர். ஆகவே, அதே இடத்தில் 100 லிட்டர் விழுந்திருக்கிறது. 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மொட்டை மாடியில் 10,000 லிட்டர்! ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர்!

இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளை, மழைநீர்த் தொட்டி எதற்கு என்று கேட்காது. "நம் வீட்டில் ஏன் இல்லை?" என்று அப்பாவைக் கேட்கும்.

வெள்ளமும் வறட்சியும்

இது விளையாட்டுக் கணக்கு அல்ல. உயிரோடு சேர்ந்த கணக்கு.

2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னை மிதந்தது. மறு ஆண்டு என்ன நடந்தது? 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நான்கே ஆண்டுகள்! அதே ஊர், அதே மக்கள். முதலில் தண்ணீரில் தவித்தார்கள். பிறகு தண்ணீருக்குத் தவித்தார்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வறண்ட கரையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம்.

இந்த எண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் போதும். ஏரியை ஏன் தூர் வார வேண்டும்? வாய்க்காலை ஏன் ஆக்கிரமிக்கக் கூடாது? தனிப்பாடம் நடத்த வேண்டியதில்லை. எண்களே சொல்லிவிடும்.

பழைய ஏட்டின் பெருமை

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டிலேயே வான ஆராய்ச்சிக் கூடம் கட்டப்பட்டது. சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. இரு நூறு ஆண்டுகளுக்கு மேலாக, யாரோ ஒருவர் காலையில் எழுந்து, மழையை அளந்து, நோட்டில் குறித்து வந்திருக்கிறார். அவர்களில் பலருடைய பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஆனால், அவர்கள் எழுதிய எண்கள் இன்றும் உழைக்கின்றன.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இப்படி முன்பு பெய்தது உண்டா? உண்டு, 1918 நவம்பரில் பெய்தது என்று பழைய கணக்கு பதில் சொன்னது. கணக்கு இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள்!

வானிலை என்பது வேறு. தட்பவெப்ப நிலை என்பது வேறு. ஒருவர் இன்று கோபப்படுகிறார் என்பதால் அவர் கோபக்காரர் ஆகிவிட மாட்டார். பல நாள் பழகினால்தான் குணம் தெரியும். அதுபோல, ஒரு நாள் மழையை வைத்துத் தட்பவெப்பத்தைச் சொல்ல முடியாது. 30 ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் ஓர் இடத்தின் சராசரியைச் சொல்கிறார்கள். உலகம் சூடாகிறது என்பதும் இப்படி அளந்து கண்டதே.

கடலும் கணக்குச் சொல்கிறது

மழைக்குத் தாய் கடல். கடல் நீரின் சூடு ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயல் வலுப்பெறும். அந்தச் சூட்டை அளப்பது யார்?

உலகக் கடல்களில் "ஆர்கோ" என்ற மிதவைகள் ஏறக்குறைய 4,000 இருக்கின்றன. இவை மனிதர் இல்லாத கருவிகள். கடலுக்குள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து செல்கின்றன. பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, பிறகு மேலே ஏறுகின்றன. வழியெல்லாம் நீரின் சூட்டையும் உப்பையும் அளக்கின்றன. மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு, மறுபடியும் முழுகிவிடுகின்றன!

இந்தியப் பெருங்கடலின் கணக்குகளை ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் சேர்க்கிறது. மிதவைகள் தரும் கணக்கு எல்லோருக்கும் இலவசம். நாகப்பட்டினத்து மாணவி ஒருத்தி வங்கக் கடலின் சூட்டை இன்றே எடுத்துக் கட்டம் போட்ட தாளில் கோடு வரையலாம். தடை ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போன குமரி மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. அலை, காற்று பற்றிய எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் இருக்க வேண்டாமா?

கடல் பாடம் உயிரைக் காத்த கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26-ந்தேதி, தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற இங்கிலாந்துச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். வயது 10. கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்பு பூகோள வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. "சுனாமி வருகிறது!" என்று கத்தினாள். கரையில் இருந்த சுமார் 100 பேர் உயிர் தப்பினர்.

செலவு என்ன?

"பாடம் நடத்தவே நேரம் போதவில்லை. கருவிக்குப் பணம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால், மழைமானிக்குப் பெரிய செலவு இல்லை. அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள டப்பா ஒன்று போதும். வாய் எவ்வளவு அகலமோ, அடியும் அவ்வளவு அகலம் இருக்க வேண்டும். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலை விட்டு அளக்க வேண்டும். அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்திய வானிலை இலாகா மழையை அளப்பதும் காலை 8.30-க்குத்தான். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மழை இல்லாத நாளில் "0" என்று எழுத வேண்டும். அளக்க மறந்த நாளில் "அளக்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஊகித்து எழுதுவது கூடவே கூடாது. வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிகாட்டிய அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். தவறான அளவு, அளவே இல்லாததைவிடக் கேடு என்பது அவர் கொள்கை. பிள்ளைகளுக்கு இது விஞ்ஞானப் பாடம் மட்டுமா? ஒழுக்கப் பாடமும்கூட!

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது பழமொழி. அது தங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று மாணவர்களே நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கும்.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு இருக்க அரசாங்கம் வகை செய்ய வேண்டும். மழைக் கணக்கைத் தமிழில், எளிய முறையில் பள்ளிகளுக்குத் தர வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நேற்றைய மழை அளவை ஒரு மாணவர் படிக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மாடியில் ஒரு டப்பாவை வைக்கலாம். எழுதப் படிக்க இப்போதுதான் கற்ற பாட்டிகூட ஓர் எண்ணைக் குறித்து வைக்க முடியும்.

ஒரு நாள் எழுதினால் அது வெறும் எண். ஓர் ஆண்டு எழுதினால் அது பாடம். முப்பது ஆண்டு தொடர்ந்தால் அது அந்த ஊரின் சொத்து.

அடுத்த மழைக்கு முன் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்!