கீரைப் பாத்தியும் குடற்சுவரும்

காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகும் இட்டலியை அறியாதார் இல்லை. மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ந்த புளித்த மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது வழக்கம். மாவின் புளிப்புக்கும் நீராவியின் சூட்டுக்கும் தப்பி வயிற்றுநோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. (பண்டம் வேகும் பாத்திரத்துக்குக் குடலை என்றும், அது சென்று சேரும் உறுப்புக்குக் குடல் என்றும் பெயர் அமைந்தது விந்தையே.) ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டில் இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சைக் கொத்தமல்லியை அரைத்து வைத்தால், அஃது அடுப்பைக் காணாமலே இலைக்கு வந்து சேருகிறது. எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ, எந்த வாய்க்காலில் அலசப்பட்டதோ, அத்தண்ணீரும் அதனுடன் வருகிறது.

சமையலறையின் சுத்தத்தைப் பற்றி உபதேசிப்போர் பலர். நிலத்தின் சுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பச்சையாக உண்ணப்படும் விளைபொருளைப் பொறுத்தவரை, வயிற்றுநோயைத் தடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அதனைப் பயிரிடும் நிலமுடையோரைச் சார்ந்தது. இஃது அநியாயமான சுமை என்று தோன்றலாம். குடலின் அமைப்பைச் சிறிது அறிந்தால் அவ்வாறு தோன்றாது.

சிறுகுடல் ஏறக்குறைய இருபது அடி நீளமுள்ளது. அதன் உட்புறமெங்கும் நுண்ணிய உறிஞ்சிகள் அடர்ந்திருக்கின்றன. பயிருக்கு வேர்த்தூவிகள் எப்படியோ, உடலுக்கு இவை அப்படி. உணவின் சத்தெல்லாம் இவற்றின் வழியாகவே இரத்தத்தில் சேரவேண்டும். ஆகவே இவற்றைப் போர்த்திருக்கும் சவ்வு தடித்திருக்க இயலாது. அஃது ஒரே வரிசை உயிரணுக்களால் ஆனது. காஞ்சீபுரத்துத் தறியில் ஓடும் பட்டு நூலினும் மெல்லியது. அடுத்தடுத்த உயிரணுக்களைப் புரதக் கட்டுகள் இறுகப் பிணைத்து இடைவெளியை அடைத்திருக்கின்றன. மேலே ஒரு வழவழப்பான கோழைப் படலம் மூடியிருக்கிறது. நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை இச்சவ்வு முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. இவ்வளவு மெல்லிய கரை, நாள்தோறும் கோடானுகோடிக் கிருமிகளைத் தாங்கி நிற்பதே பெரிது.

இக்கரையைக் கிருமிகள் உடைக்கும் முறை ஒன்றல்ல. டைபாய்டு ஜுரத்தை உண்டாக்கும் கிருமியை உள்ளிட்ட சால்மொனெல்லா இனம் சுவரை அரித்து ஓட்டை போடுவதில்லை. உள்ளிருப்பவனைக்கொண்டே கதவைத் திறக்கச் செய்கிறது. அதன் உடலில் ஊசி போன்ற நுண்ணிய கருவிகள் உண்டு. அவற்றைக் குடலின் உயிரணுவில் குத்திச் சில புரதங்களைச் செலுத்தியவுடன், அவ்வுயிரணு தன்னுருக் குலைந்து, அலைபோல் எழுந்து, கிருமியைத் தானே விழுங்கிவிடுகிறது. குடலில் ஆங்காங்கே காவல் திட்டுகளும் உள்ளன. உள்ளே வருவதைச் சிறிது எடுத்துப் பரிசோதித்து உடலின் காவற்படைக்குக் காட்டுவது அவற்றின் வேலை. டைபாய்டுக் கிருமிக்கு அந்தக் காவல் வாயிலே இராஜபாட்டை. அவ்வழியே புகுந்து, தன்னை அழிக்கவரும் காவலணுவுக்குள்ளேயே குடியேறி, இரத்தத்தில் கலந்து, கல்லீரலையும் பித்தப்பையையும் அடைகிறது. சிகிச்சை பெறாதவருக்கு மூன்றாம் வாரத்தில் அத்திட்டுகள் புண்ணாகிக் குடல் துளைபட்டு மரணம் நேர்வதும் உண்டு.

கோழியின் குடலில் சாதாரணமாக வாழும் காம்பைலோபாக்டர் என்னும் கிருமி வேறு வகை. உயிரணுக்களைப் பிணைக்கும் கட்டையே அறுக்கவல்ல நொதியை உமிழ்ந்து, இடுக்கின் வழியாக நுழைகிறது. வாந்திபேதிக் கிருமியோ உள்ளே நுழைவதேயில்லை. சவ்வின்மேல் ஒட்டி நின்று நஞ்சை விடுக்கிறது, உடலின் நீரெல்லாம் வெளியே பாய்கிறது. கிருமி நீக்கிய வடிநீரே முயலின் குடலில் இவ்விளைவை உண்டாக்குவதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-ஆம் ஆண்டில் ருசுப்படுத்தினார்.

நோயாய்ப் படுத்தால்தான் நஷ்டம் என்று எண்ணுதல் தவறு. 1960-ஆம் ஆண்டை ஒட்டி, காஞ்சீபுரத்துக்கு அண்டையிலுள்ள அக்காலத்து வட ஆர்க்காடு ஜில்லாக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் நெடுநாட் கழிச்சல் பரவியது. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதனை ஆராய்ந்தனர். நோயே இல்லாதவராகத் தோன்றிய தென்னாட்டு மக்கள் பலரது குடலிலும் உறிஞ்சிகள் மழுங்கிக் குறுகியிருக்கக் கண்டனர். அசுத்த நீரும் உணவும் ஓயாது கொண்டுவரும் கிருமிகளின் தாக்குதலே இதற்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. தண்ணீர் தேங்கிய வயலில் வேரழுகிய பயிருக்கு எவ்வளவு உரமிட்டால் என்ன? பாலும் பருப்பும் குறைவின்றி உண்டும் தேறாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தல் தகும்.

இனி நிலத்துக்கு வருவோம். காஞ்சீபுரத்தின் ஊடே செல்லும் வேகவதியில் நகரத்துச் சாக்கடை கலப்பதை யாவரும் அறிவர். அவ்வாறு பாலாற்றையும் செய்யாற்றையும் கூடும் திருமுக்கூடலில், பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததை 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு கூறுகிறது. நோயாளிக்கு மருத்துவரும் மருந்தும் அமர்த்திய கரைக்கு இன்று நோயை அனுப்புவது அழகன்று. சாக்கடை நீரில் உரச்சத்து உண்டு என்பது மெய். அதனை நெல்லுக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சுவோரை முற்றிலும் குறைகூறவும் முடியாது, வேலையாட்களின் காலுக்குக் காப்பு இருக்குமாயின். சோறு வெந்தே உண்ணப்படுகிறது. கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றுக்கு அதே நீரைப் பாய்ச்சுவதுதான் கூடாது. டைபாய்டுக் கிருமி மனிதரிடத்தன்றி வேறு பிராணியிடம் வாழ்வதில்லை. ஆகையால் மனிதக் கழிவு கலந்த நீரே அதன் வாகனம்.

இஃது ஊகமன்று. தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் தலைநகராகிய சாந்தியாகோவில் குழாய்நீர் சுத்தமாயிருந்தும் டைபாய்டு ஆண்டுதோறும் கோடையில் பெருகி வந்தது. சுற்றிலுமுள்ள தோட்டங்களில் சாக்கடை நீர் பாய்ச்சிப் பச்சைக் காய்கறிகள் விளைவித்து வந்தனர். 1991-ஆம் ஆண்டில் வாந்திபேதி அந்நாட்டினுள் நுழைந்தது. அஞ்சிய அரசாங்கத்தார் அப்பாசனத்தைத் தடுத்துவிட்டனர். வாந்திபேதி பரவாது நின்றதோடு, பல்லாண்டுகளாக நீங்காதிருந்த டைபாய்டும் சட்டென வீழ்ந்தது. வைத்தியசாலை செய்யமாட்டாததை ஒரு மடை அடைத்துச் செய்தது.

மாட்டுச்சாணம் பரிசுத்தமானது என்ற நம்பிக்கையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. டைபாய்டுக் கிருமி சாணத்தில் வாழ்வதில்லை என்பது சரி. மற்றச் சால்மொனெல்லாக்களும், இரத்தபேதி உண்டாக்கும் ஒருவகை ஈ. கோலையும் மாட்டின் குடலில், மாட்டுக்கு யாதொரு தீங்குமின்றி வாழ்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் இயற்கை விவசாய விதிப்படி, மண்ணைத் தொடும் உணவுப் பயிராயின் பச்சைச் சாணமிட்ட 120 நாட்களுக்குப் பின்னரே அறுவடை செய்யலாம். தண்டுக்கீரையோ ஒரு மாதத்தில் அறுவடையாகிறது. ஆகவே கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணம் எக்காலத்தும் ஆகாது. மக்கிய எரு ஒன்றே ஏற்றது. அவ்விதிகளே, குவியலின் உட்சூடு 15 நாட்கள் 55 டிகிரிக்குக் குறையாதிருக்கவும், அதற்குள் ஐந்து முறை கிளறவும் வேண்டும் என்கின்றன. குப்பைமேட்டில் ஆறு மாதம் வெயிலில் காய்ந்து கிடப்பதை மக்கிய எரு என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நலம். ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் வகுத்த முறையில் எருவடுக்கினால் இச்சூடு எளிதில் கிடைக்கும்.

பாத்தியில் காத்த சுத்தத்தைச் சந்தைக்குச் செல்லும் வழியில் இழப்பவரும் பலர். கட்டுக் கட்டிய கீரை வாடாதிருக்கச் சாலையோர வாய்க்காலில் முக்கி எடுக்கும் வழக்கத்தை எந்தக் கிராமத்திலும் விடியற்காலையில் காணலாம். மூன்று நிமிஷ வேலை. முப்பது நாள் முயற்சி பாழ். ஆழ்துளைக் கிணற்றருகே செங்கல்லால் ஒரு சிறு தொட்டி கட்டிக்கொள்ளச் செலவு அதிகமில்லை. பழி வந்து சேர்ந்தால் நேரும் நஷ்டமே பெரிது. 2011-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஏறக்குறைய 3,800 பேர் நோயுற்று, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் பழி சுமத்தப்பட்டது ஸ்பெயின் நாட்டு வெள்ளரியின்மீது. குற்றமற்ற குடியானவரின் வெள்ளரி விற்பாரின்றி அழுகியது.

கிராம அதிகாரிகள் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதோடு நின்றுவிடலாகாது. வீட்டுக் கழிவுத் தொட்டிகளை இறைத்துச் செல்லும் லாரிகள், சுத்திகரிப்பு நிலையம் தூரமென்று இரவில் ஏரிக் கால்வாய்களில் கொட்டிவிட்டுப் போவது பல ஊர்களில் நடக்கிறது. எந்த லாரி, எந்த மதகருகே, எத்தனை மணிக்கு வருகிறது என்பது ஊரில் ஒருவருக்கேனும் தெரியாமலிராது. அவரை அழைத்து விசாரித்து, எண்ணைக் குறித்துத் தாலுகா அலுவலகத்துக்கு எழுதுவதற்கு அடுத்த கீரை விதைப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.